வாயை மட்டும் கழற்றி மாட்டும் கோடாலி

ரப்பர் மரத்துக்குள் கம்பி இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பால் கிண்ணத்தைத் தாங்க மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டுவார்கள். சில பேர் சோம்பேறித்தனமாக ஆணியே அடித்துவிடுவார்கள். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுக்கிற மரம் அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, மேலே பட்டை போர்த்திக்கொள்ளும். பிறகு அது இருக்கிற இடம் கோடாலிக்கு மட்டும்தான் தெரியும்.

பர்மாவில் முடோன் பக்கம் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்தார்கள். பங்குனித் திருவிழாவுக்குக் கோயில் அன்னதான அடுப்புக்கும் தீக்குழிக்கும் விறகு கொடுப்பது எங்கள் வீட்டு முறை. பிளக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்றே நாளில் இரண்டு கோடாலி வாய் போய்விட்டது. சாணை பிடித்தால் சரியாகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் ஒவ்வொரு பல் பெயர்ச்சிக்கும் நாலைந்து மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கோடாலிகள் மெது இரும்பில் உடம்பும் முனையில் மட்டும் எஃகும் வைத்துக் காய்ச்சி ஒட்டியவை. எஃகு இருப்பது ஓர் அங்குலம்தான். அது தேய்ந்தால் மிச்சம் நிற்பது வெறும் இரும்பு மொட்டை. கொட்டகை மூலையில் அப்படி மூன்று மொட்டைகள் கிடந்தன. காம்பு நுழைகிற கண் நன்றாக இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, வாய் மட்டும் இல்லை.

இழைப்புளியில் தகட்டை மட்டும்தானே மாற்றுகிறோம், கோடாலியில் ஏன் முடியாது என்று அந்த மொட்டைகளைப் பார்த்துத்தான் தோன்றியது. இதற்கு விடை கண்டுபிடிக்க ஐந்து மாதமும், இரண்டு உடைந்த கோடாலியும், அம்மாவின் கடலெண்ணெயில் ஒரு டின்னும் செலவு.

முதல் கோடாலியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஹினோ லாரி வில் பட்டையில் ஒரு துண்டுதான் அலகு, 70 மில்லி அகலம், 10 மில்லி கனம். அதை இரண்டு பக்கமும் 6 மில்லி தகடு வைத்துச் சாண்ட்விச் மாதிரி பிடித்து, எம்10 (10 மில்லி தடிப்பு) போல்ட் இரண்டு போட்டு முறுக்கினேன். தகடுகளின் பின்பக்கம் காம்புக்கு ஒரு பெட்டி வெல்டிங். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் பத்து கட்டை வெண்ணெய் மாதிரி பிளந்தது. இருபதாவது கட்டையில் உள்ளங்கையில் ஒரு கிறுகிறுப்பு. நாற்பதைத் தாண்டுமுன் அலகு கிலுகிலுப்பை போல ஆடியது.

கழற்றிப் பார்த்தால் போல்ட் உடையவில்லை. ஓட்டைதான் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. போல்ட்டின் மரை ஓட்டைக்குள் உட்கார்ந்திருந்ததால் மரையின் பற்கள் நசுங்கித் தட்டையாகியிருந்தன.

அன்றிரவு கரண்டு இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டேன். தலை ஒன்றரைக் கிலோ. நன்றாக வீசினால் கட்டையைத் தொடும்போது நொடிக்கு 12 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். சக்தி 108 ஜூல். 15 மில்லி இறங்கி நின்றால் சராசரி விசை 730 கிலோ எடைக்குச் சமம். கணுவில் பட்டு 5 மில்லியிலேயே நின்றுவிட்டால் இரண்டு டன்னுக்கு மேல், அதுவும் சராசரிதான். உச்சம் அதைவிட அதிகம். தலையில் 8.8 என்று எண் பொறித்த எம்10 போல்ட் நேர் இழுப்பில் நாலரை டன்னைத் தாங்கும். ஆகவே போல்ட்டின் பலத்தில் குறை இல்லை. கையால் போட்ட இரண்டு ஓட்டைகள் ஒருபோதும் ஒரே நேரத்தில் சுமையை வாங்காது, அதுதான் கோளாறு. ஒன்று முந்திக்கொள்ளும், மொத்த அடியும் அதன் மேல், அதிலும் மரையின் கூரான விளிம்பின் மேல். முதல் நாள் கால் மில்லி ஆட்டம், அடுத்த நாள் அரை மில்லி. ஆட்டம் வந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் உள்ளேயே ஒரு சுத்தியலாக மாறிவிடுகிறது.

அடியைப் போல்ட் வாங்கக் கூடாது. பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அடி ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு நேராக இறங்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட பெருமையில் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

இந்தத் தடவை கொட்டகை மொட்டை ஒன்றையே எடுத்து, அதன் முகத்தில் 45 மில்லி ஆழத்துக்குப் பிளவு போட்டேன். அந்தப் பிளவில் அலகு செருகிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் போகப் போகக் கனம் குறைகிற மாதிரி, பத்துக்கு ஒன்று சரிவில், ஆப்பு போல அலகைத் தேய்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் அது இன்னும் இறுக்கமாக உள்ளே போகும், ஆட்டமே வராது என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததுதான் தொல்லை. அலகு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கம்பியில் பட்டு வாய் பெயர்ந்தபோது கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. பின்னாலிருந்து தட்ட வழி இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். மறுநாள் பாரையால் நெம்பியபோது வந்தது, ஆனால் பிளவின் அடி மூலையிலிருந்து உடம்பில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

எஃகும் எஃகும் உரசும்போது பக்கத்துக்கு எட்டு டிகிரி வரை உள்ள ஆப்பு தானாக வழுக்கி வெளியே வராது, பூட்டிக்கொள்ளும். என்னுடையது பக்கத்துக்கு மூன்று டிகிரிகூட இல்லை. அந்தச் சரிவில் நேரே வருகிற அடி இரண்டரை மடங்காகப் பெருகி, பிளவின் இரு பக்கக் கன்னங்களைப் பக்கவாட்டில் விரிக்கிறது. விறகைப் பிளக்கச் செய்த ஆப்பு கோடாலியையே பிளந்துவிட்டது. போதாததற்குப் பிளவின் அடி மூலையைக் கத்தியால் வெட்டியது போலச் சதுரமாக விட்டிருந்தேன். விரிசல் பிறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

விரிந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பன்பே சயாவிடம் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு: பன்பே என்றால் பர்மியில் கொல்லர் தொழில், சயா என்பது மரியாதை. தண்டவாளத் துண்டைப் பட்டடைக் கல்லாக வைத்து அறுபது வருடமாகத் தா கத்தியும் மண்வெட்டியும் அடிக்கிற குடும்பம். அவர் என் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம். உள்ளே போய்ப் புத்தர் மாடத்தில் இருந்து ஒரு கல்லை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

மோஜோ. இடி விழுந்த இடத்தில் கிடைக்கிற கல் என்று இங்கே சொல்வார்கள். வீட்டில் வைத்தால் இடி அண்டாது என்று நம்பிக்கை. உண்மையில் அது உலோகம் வருவதற்கு முந்திய மக்களின் கற்கோடாலி. வழவழவென்று தேய்த்த வாய். அதன் மேல், இரண்டு பக்கமும் மனுசன் தோள் மாதிரி படி வெட்டிய பின்பகுதி. காம்பில் கட்டும்போது அந்தத் தோள் காம்பின் மேல் முட்டி நிற்கும். கயிறு கல்லைப் பிடித்துக்கொள்கிறது, அடியை வாங்குவது தோள்.

“கயிறு பலமா இருக்க வேண்டியதில்லை, தம்பி. முட்டுற இடம்தான் சரியா இருக்கணும்” என்றார் சயா.

ஐரோப்பாவிலும் வெண்கலக் காலத்துக் கோடாலிகளில் நடுவே ஒரு குறுக்கு வரம்பு வைத்து வார்த்திருக்கிறார்கள், அலகு பின்னால் போய்க் காம்பைப் பிளக்காமல் இருக்க. அங்கேயும் இங்கேயும் ஒரே பிரச்சினை, ஒரே விடை. நான் ஐந்து மாதம் கழித்து வந்து சேர்ந்தேன்.

இரண்டாவது மொட்டையில் மூன்றாவது கோடாலியைத் தொடங்கினேன். பிளவின் அடியில் முதலில் 10 மில்லி துரப்பணத்தால் வரிசையாக ஓட்டை போட்டு, கிரைண்டர் தட்டால் இரண்டு பக்கமும் அறுத்து, நடுவில் நின்ற பற்களை அரத்தால் ராவி எடுத்தேன். பிளவின் அடிச் சுவரை நடுவில் மட்டும் சமதளமாக்கி, அதன் இரு ஓரங்களையும் துரப்பண வளைவாகவே விட்டேன், விரிசல் பிறக்க மூலை கிடைக்கக் கூடாது என்று. சரிவு எதுவும் கிடையாது. அலகின் கனம் முழுக்க 10, பிளவின் அகலம் 10.2. அலகின் முதுகு நேராகச் சுவரில் முட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த “அவ்வளவுதான்” நாலு நாள் எடுத்தது. கண்ணுக்கு நேராகத் தெரிகிற இரண்டு பரப்பு உண்மையில் மூன்று புள்ளியில்தான் தொடும். பட்டறைகளில் இதற்கு நீல மை பூசிப் பார்ப்பார்கள். என்னிடம் அது இல்லை, மகளின் கண்மை டப்பா இருந்தது. அலகின் முதுகில் கண்மையை மெல்லிசாகப் பூசி, பிளவில் செருகி, ஒரு தட்டு தட்டி எடுத்தால் சுவரில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அது மேடு. அதை மட்டும் ராவு, மறுபடி பூசு. முப்பது தடவைக்கு மேல் ஆன பிறகு கறுப்பு பரவலாக வந்தது. இந்த ஒரு வேலையை அவசரப்படுத்தினால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்து, பிடித்து வைப்பதற்கு எதைப் போடுவது? போல்ட் போட்டால் அது நேராகத்தான் போகும், அலகைப் பின்னால் இழுக்காது. எனக்குத் தேவை, உள்ளே போகப் போக அலகைச் சுவரோடு இழுத்து அணைக்கிற ஒன்று. யோசித்துக்கொண்டே சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது பெடல் தண்டு டக் டக்கென்று அடித்தது. காட்டர் பின் தளர்ந்துவிட்டது. இறங்கி ஒரு கல்லால் தட்டினேன். தட்டிவிட்டு, ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பழைய சைக்கிளின் காட்டர் பின்னைப் பார்த்திருப்பீர்கள். முக்கால் இஞ்சில் பாதி, அதாவது 9.5 மில்லி தடிப்பான உருண்டை ஆணி. ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கியிருப்பார்கள், நுனியில் நட்டு. தட்டி இறக்க இறக்க அந்தத் தட்டை முகம் பெடல் தண்டின் அச்சை அணைத்துப் பிடிக்கும். நட்டைத் தளர்த்தி நுனியில் ஒரு தட்டு தட்டினால் வெளியே வந்துவிடும். எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலும் கிடைக்கும், விலையும் சொற்பம்.

கோடாலி உடம்பின் கன்னங்கள் வழியாக, பிளவின் வாய் விளிம்பிலிருந்து 25 மில்லி உள்ளே தள்ளி, குறுக்காக ஓட்டை போட்டேன். அலகில் அதே ஓட்டையை ஒன்றரை மில்லி வாய்ப்பக்கமாகத் தள்ளிப் போட்டேன். வேண்டுமென்றேதான். தச்சர்கள் மர முளை அடித்துச் சட்டத்தை இறுக்குகிற அதே தந்திரம். பின்னின் தட்டை முகம் கண் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போது இறங்குகிற பின், அலகு ஓட்டையின் கண் பக்க விளிம்பைத் தள்ளி, அலகைச் சுவரோடு இழுத்துவிடும். அடி விழும்போது அலகு சுவரைத்தான் அழுத்தும். பின்னுக்கு அதில் பங்கில்லை. கட்டையில் சிக்கிய கோடாலியைப் பிடுங்கும்போதுதான் பின்னுக்கு வேலை, அது அடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

முதல் வாரத்திலேயே தெரிந்த ஒரு குறை: நட்டு கன்னத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு கட்டைப் பிளவில் மாட்டியது. இரண்டு பக்கமும் சின்னக் குழி தோண்டி, பின்னின் தலையும் நட்டும் உள்ளே அடங்கும்படி செய்தேன். அதேபோல் உடம்பின் இரண்டு உதடுகளையும் அலகோடு ஒட்டி வழிகிற மாதிரி சரித்து ராவினேன். படி இருந்தால் சிம்பு அங்கே போய் அடைத்துக்கொள்ளும்.

இனி அலகு. வில் பட்டை ஏற்கெனவே கெட்டிப்படுத்தியது, துரப்பணம் ஏறாது. செஞ்சூட்டுக்குக் காய்ச்சி நெல் உமிச் சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட்டேன். காலையில் வெண்ணெய் மாதிரி ஓட்டை விழுந்தது. ஜப்பான் லாரி வில்லுக்கு அதிகம் பயன்படுவது எஸ்யூபி9 என்கிற எஃகு, கார்பன் 0.52 முதல் 0.60 விழுக்காடு, கூடவே குரோமியம். இதைத் தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்துக் கெட்டிப்படுத்தும்போது, சயா எண்ணெய் என்றார். நான் நாட்டுக் கத்தி ஞாபகத்தில் தண்ணீரில் இறக்கினேன். டிக் என்று ஒரு சத்தம், மண் சட்டி விரிகிற மாதிரி. ஓரத்தில் மயிரிழை விரிசல். குரோமியம் கலந்த எஃகுக்குத் தண்ணீரின் வேகம் ஆகாது என்பதை அந்த ஒரு சத்தத்தில் படித்துக்கொண்டேன்.

அடுத்ததற்குத்தான் அம்மாவின் கடலெண்ணெய். கை பொறுக்காத சூட்டுக்குக் காய்ச்சி வைத்துக்கொண்டேன். சில்லென்ற எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். உலையில் அலகின் வாய்ப்பக்கத்தை மட்டும் காய்ச்சிக்கொண்டே காந்தத்தைத் தொட்டுப் பார்த்தேன். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம், நிறம் ஒரு படி வெளுக்கும் வரை காய்ச்சி, முனையிலிருந்து 30 மில்லி மட்டும் எண்ணெயில் இறக்கினேன். காட்டர் பின் போகிற ஓட்டைப் பக்கம் கெட்டிப்படக் கூடாது. அங்கே நொறுங்காத எஃகுதான் வேண்டும். அரம் போட்டுப் பார்த்தால் முனை கண்ணாடி போல வழுக்கியது.

அந்த நிலையில் விட்டால் முதல் கணுவிலேயே பல் உதிரும். பதத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். கடலை வறுக்கிற மணல் சட்டியே போதுமானது. முனையைப் பளபளவென்று தேய்த்து மணலில் பாதி புதைத்து வைத்தேன். வைக்கோல் மஞ்சள் வந்தது, பிறகு பழுப்பு, பழுப்பில் ஊதா எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். மஞ்சளில் எடுத்த இன்னோர் அலகு கம்பியில் பட்டுப் பல் பெயர்ந்தது. முழு நீலம் வரை விட்டது மடங்கியது. பழுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் எடுத்தது மடங்கவும் இல்லை, பெரிதாக உதிரவும் இல்லை.

வாயின் கோணத்தை முதலில் 25 டிகிரியில் வைத்தேன். மரம் வெட்ட அது சரி. கம்பி ஒளிந்திருக்கிற விறகு பிளக்க 32 டிகிரிக்கு மாற்றி, கன்னத்தைச் சற்று உப்பலாக விட்டதும் ஆயுள் கூடியது.

காம்புக்கு பியின்காடோதான் போடப் போனேன், ரயில் சிலீப்பராகப் போட்ட மரமாயிற்றே என்று. கனம் அதிகம், அடியை அப்படியே கைக்குக் கடத்துகிறது. புளியங்காம்பு 30 அங்குலத்தில் போட்டேன், கை நோவு நின்றது. கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம் என்று பாட்டி பழமொழி சொல்லுவாள். புளிய மரம் மன்னித்துக்கொள்ளட்டும். மொத்தத் தலை எடை 1.45 கிலோ, எங்கள் பர்மா சந்தைக் கணக்கில் ஒரு வீசைக்கு (1.63 கிலோ) கொஞ்சம் குறைவு.

மாசி முழுவதும் அதால்தான் பிளந்தேன். பதினோராவது நாள், பெரிய அடிக்கட்டை ஒன்றில், எதிர்பார்த்த அந்தச் சத்தம். வாயில் மூன்று மில்லி பெயர்ந்திருந்தது. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கட்டைத் துண்டால் இரண்டு தட்டு. பின் வந்தது, அலகு வந்தது. ரப்பர் பால் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அடுத்த அலகைச் செருகினேன். தம்பி மகன் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். சுவரைப் பார்த்தேன், நசுங்கல் இல்லை. ஓட்டை உருண்டையாகவே இருந்தது.

கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. புதிய பின் முதல் இருபது அடியில் அமர்ந்துகொடுக்கும். நிறுத்தி மறுபடி தட்டி நட்டை இறுக்க வேண்டும். மறந்தால் பழைய கிலுகிலுப்பை திரும்பும். அடுத்தது, பின் எப்போதாவது அறுந்தால் அலகு பறக்கக் கூடாது. அலகிலும் உடம்பிலும் இன்னொரு சின்ன ஓட்டை போட்டுக் கட்டுக்கம்பியால் முடிந்துவிடுகிறேன். அப்படியும் நான் பிளக்கும்போது எதிரே பிள்ளைகள் நிற்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

சைக்கிள் கடைக்காரர் மூன்றாவது தடவை பின் வாங்கப் போனபோது கேட்டார், “அண்ணே, ஒரு மாசத்துல ஆறு காட்டரா? சைக்கிள்ல எங்கதான் போறீங்க?” கோடாலிக்கு என்றேன். நம்பவில்லை.

மரம் சாய்க்க இது உதவாது என்று சயா கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பக்கவாட்டில் சாய்த்து வெட்டும்போது அலகு பிளவின் ஒரு கன்னத்தை மட்டும் நெம்பும், நாளடைவில் வாய் அகலும் என்கிறார். அவர் சொல்வது சரியென்றுதான் எனக்கும் படுகிறது. சாய்க்க முழுக் கோடாலியையே எடுக்கிறேன். மூன்றாவது மொட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் உலையில் காய்ச்சி ஒரே அடியில் பிளவு போட்டுப் பார்க்கிறாராம், அறுக்கிற வேலையே இல்லாமல்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. முடோனுக்கு அருகிலுள்ள மோல்மேன் பக்கம் வருடத்துக்கு 4,500 மில்லிக்கு மேல் பெய்யும், பெரும்பாலும் இந்த நாலைந்து மாதத்தில்தான். அலகைக் கழற்றி, பிளவுக்குள் கிரீஸ் அப்பி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். சுவர் துருப்பிடித்தால் கண்மை வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐப்பசியில் இறக்கிப் பார்ப்பேன்.